எத்தனை மாதம் பாக்கி? ஆராய்ச்சி வேலை அறிவிப்புகளில் காணாமல் போகும் ஒரு வரி

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பக்க பி.டி.எஃப். வந்து விழுகிறது. மேலே பல்கலைக்கழக முத்திரை. நடுவில் கொட்டை எழுத்தில் ‘ஜே.ஆர்.எஃப். – ஓர் இடம்’. தகுதி: எம்.எஸ்சி. உயிர்மருத்துவ அறிவியல், உயிரித் தொழில்நுட்பவியல், நானோ அறிவியல் அல்லது தொடர்புடைய பாடம். நெட் அல்லது கேட் தேர்ச்சி. வயது 28-க்குள். மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப் படி. கீழே பொடி எழுத்தில் மூன்று வரி. பணி முற்றிலும் தற்காலிகமானது. திட்டம் முடியும்போது வேலையும் முடியும். நேர்காணலுக்கு வரப் பயணப்படி கிடையாது. விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

இது எந்த ஒரு நிறுவனத்தின் அறிவிப்பும் இல்லை. பத்துப் பதினைந்து அறிவிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிற பொதுவான முகம். திருச்சியில் அறிவியல் பாடத்தில் எம்.எஸ்சி. முடித்த எவருக்கும் இந்த முகம் பழக்கம். காஜாமலை பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள், ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தே நெட் தேர்வுக்குப் படிப்பவர்கள், மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போய்க்கொண்டே சைடில் இதையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் இந்த பி.டி.எஃப்.-ஐ ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். வீட்டில் அம்மா கேட்கிற முதல் கேள்வியும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “இது கவர்மென்ட் வேலையா, இல்லையா?”

நியாயமான கேள்வி. பதில்தான் ஒரு வார்த்தையில் வராது.

பணம் அரசுடையது, வேலை அரசுடையது அல்ல

ஒரு பேராசிரியர் ஓர் ஆய்வுத் திட்டத்தை எழுதி மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கோ, உயிரித் தொழில்நுட்பத் துறைக்கோ, ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கோ அனுப்புகிறார். முன்பு செர்ப் என்ற வாரியத்துக்கு அனுப்புவார்கள். 2023-ல் நிறைவேறிய சட்டத்தின்படி அது இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. திட்டம் ஏற்கப்பட்டால் அனுமதி ஆணை வரும். பெரும்பாலும் மூன்று வருஷத்துக்கு. அந்த ஆணையிலேயே பணம் பிரித்துப் போடப்பட்டிருக்கும்: கருவிக்கு இவ்வளவு, ரசாயனத்துக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, ஆள் சம்பளத்துக்கு இவ்வளவு. இதில் கடைசி வகைதான் நம் பி.டி.எஃப். வேலை.

ஆக, உங்களை எடுப்பது அந்தப் பேராசிரியரின் திட்டம். அவரை ‘முதன்மை ஆய்வாளர்’ என்பார்கள். லேபில் எல்லோரும் சுருக்கமாக பி.ஐ. என்றுதான் சொல்வார்கள். நிறுவனம் உங்களுக்கு நாற்காலி தருகிறது, அடையாள அட்டை தருகிறது. ஆனால் நீங்கள் அதன் ஊழியர் இல்லை. அகவிலைப்படி கிடையாது, போனஸ் கிடையாது, பணிக்கொடை கிடையாது. பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு உண்டு என்று மத்திய அரசின் விதியிலேயே இருக்கிறது. இதைப் பல பேர் கேட்பதே இல்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அப்படி என்னதான் செய்வார்கள் அந்த லேபில்? நான் படித்தது மீடியா; எனக்கும் இது புதுசுதான். ஒரு தலைமுடியின் தடிமன் 80,000 முதல் 1 லட்சம் நானோமீட்டர் வரை இருக்கும் என்பார்கள். ஒன்றிலிருந்து நூறு நானோமீட்டருக்குள் இருக்கிற துகளைச் செய்து, அது செல்லுக்குள் போனால் என்ன ஆகிறது, மருந்தைச் சுமந்துகொண்டு புற்றுநோய்க் கட்டிக்குள் இறங்குமா, கிருமியைக் கொல்லுமா என்று பார்ப்பதுதான் நானோவும் உயிர்மருத்துவமும் சந்திக்கிற இடம். இது வெறும் காகித ஆராய்ச்சி இல்லை. கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்ஸோரூபிசின் மருந்துக்கு அமெரிக்கா 1995-லேயே அனுமதி தந்துவிட்டது. கொரோனா காலத்தில் வந்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் உடம்புக்குள் போனதும் கொழுப்பு நானோ துகள் ஏறித்தான். நம்மூரில் அதிகம் நடப்பது இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்யும் வேலை. வேப்பிலை, துளசி, முருங்கை என்று எல்லாம் முடிந்துவிட்டது, இனி எந்த இலை பாக்கி என்று ஆய்வு மாணவர்களே கிண்டல் அடித்துக்கொள்வது உண்டு.

37,000 யாருக்கு?

2023 ஜூன் மாதம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை போட்ட உத்தரவின்படி ஜே.ஆர்.எஃப். தொகை 31,000-லிருந்து 37,000 ஆனது. இரண்டு வருஷம் கழித்து எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. பிஎச்.டி. முடித்தவர்களுக்கான ரிசர்ச் அசோசியேட் பதவியில் 58,000-லிருந்து 67,000 வரை மூன்று படிகள். அந்த உயர்வும் சும்மா வரவில்லை. நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் 60 சதவீத உயர்வு கேட்டுப் போராடினார்கள். கிடைத்தது சுமார் 19 சதவீதம். 2019-லும் இதே கதைதான்: கேட்டது 80, கிடைத்தது 24.

இதன் மேல் வீட்டு வாடகைப் படி. திருச்சி, மத்திய அரசின் கணக்கில் ‘ஒய்’ வகை நகரம். 18 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 6,660 ரூபாய். மொத்தம் 43,660. ஹாஸ்டலில் அறை கொடுத்துவிட்டால் இந்தப் படி கிடைக்காது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இந்தத் தொகை நெட், கேட் போன்ற தேசியத் தேர்வு ஒன்றில் தேறியவர்களுக்குத்தான். தேறாதவர்களுக்கு வேறு பெயரில் வேறு பதவி. 2020 ஜூலையில் வந்த உத்தரவு ‘புராஜெக்ட் அசோசியேட் – 1’ என்று ஒரு பதவியை வைத்தது: தேர்வில் தேறியிருந்தால் 31,000, இல்லாவிட்டால் 25,000. அதே உத்தரவில் புராஜெக்ட் அசிஸ்டென்டுக்கு 20,000. ஐ.சி.எம்.ஆர். திட்டங்களில் பெயர்கள் இன்னும் வேறு. அங்கே முதுகலை முடித்தவர்களை ‘புராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட் – 3’ என்று 28,000-க்கு எடுப்பார்கள். அறிவிப்பு எந்த உத்தரவைப் பின்பற்றுகிறது என்பதைப் பொறுத்துத் தொகை மாறும், அதனால் பதவியின் பெயரை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்க.

ஒரே லேப், ஒரே மேசை, ஒரே வேலை. ஒருவர் வாடகைப் படியோடு 43,660 வாங்குகிறார். பக்கத்தில் இருப்பவர் 25,000-மும் 18 சதவீதமும் சேர்த்து 29,500. மாதம் 14,160 வித்தியாசம். இரண்டு வருஷத்துக்கு 3,39,840 ரூபாய். தேர்வு எழுதித் தேறியவருக்கு அதிகம் கொடுப்பதில் தவறில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தேர்வு எல்லோருக்கும் ஒரே தூரத்தில் இருக்கிறதா?

நானோவுக்கு வினாத்தாள் கிடையாது

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் மொத்தம் ஐந்தே பாடங்கள்: வேதி அறிவியல், புவி அறிவியல், உயிர் அறிவியல், கணித அறிவியல், இயற்பியல் அறிவியல். நானோ அறிவியல் என்று ஒரு தாள் இல்லை. உயிர்மருத்துவ அறிவியல் என்றும் இல்லை. கேட் தேர்வில் 2020 முதல் உயிர்மருத்துவப் பொறியியல் தாள் இருக்கிறது, ஆனால் அது பொறியியல் மாணவர்களுக்கான பாடத்திட்டம். நானோவுக்கு அங்கேயும் தாள் இல்லை.

இதன் பொருள் என்ன? எம்.எஸ்சி. நானோ அறிவியல் படித்த ஒருவர் இரண்டு வருஷம் கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் உயிரியல், எலெக்ட்ரான் நுண்ணோக்கி, எக்ஸ்ரே விளிம்பு விளைவு என்று படித்துவிட்டு, தேர்வுக்கு வரும்போது ஐந்து வருஷமும் வேதியியலே படித்தவரோடு வேதியியல் தாளில் போட்டி போட வேண்டும். உயிர்மருத்துவ அறிவியல் படித்தவரின் நிலை இந்த அளவு மோசம் இல்லை. உயிர் அறிவியல் தாள் ஓரளவு கைகொடுக்கும்; ஐ.சி.எம்.ஆர். ஜே.ஆர்.எஃப். தேர்வும் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வும் கூடுதல் வாசல்கள். ஆனாலும் உயிர் அறிவியல் தாளில் தாவர உடலியலும் சூழலியலும் பரிணாமமும் வரும். மனித உடலையே படித்தவர் அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.

இந்தப் படிப்புகள் எப்படி வந்தன என்பதையும் கொஞ்சம் பார்க்கணும். மத்திய அரசு 2007-ல் ஐந்து வருஷத்துக்கு 1,000 கோடி ரூபாயோடு நானோ மிஷனைத் தொடங்கியது. அந்தக் காலகட்டத்தில் நாடெங்கும் நானோ பெயரில் துறைகளும் படிப்புகளும் முளைத்தன. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், கோவை பாரதியார், காரைக்குடி அழகப்பா என்று பட்டியல் நீளும். துறை திறந்தார்கள், பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டத்துக்கு ஏற்ற தகுதித் தேர்வைத் திறக்க மறந்துவிட்டார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ‘அல்லது தொடர்புடைய பாடம்’ என்கிற ஒரு வரியை நம்பித்தான் இந்த மாணவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். தொடர்புடைய பாடம் எது, எது இல்லை என்பதைத் தேர்வுக்குழு அன்றைக்கு உட்கார்ந்து முடிவு செய்யும்.

தேர்வாவது நேரத்துக்கு நடக்குமா என்றால் அதுவும் நிச்சயம் இல்லை. 2024 ஜூன் கடைசியில் நடக்க வேண்டிய சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வை நெருக்கத்தில் தள்ளிவைத்து, ஒரு மாதம் கழித்து ஜூலையில் நடத்தினார்கள். வயது வரம்பை நாள் கணக்கில் பார்க்கும் ஒருவருக்கு ஒரு மாதம் சின்ன விஷயம் இல்லை.

திருவானைக்காவலிலிருந்து பவ்பஜார் வரை

திருச்சியைச் சுற்றி இந்த வேலைகள் வரும் இடங்கள் குறைவில்லை. 1982-ல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பல்கலைப்பேரூர் வளாகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் துறை இருக்கிறது. கடல்சார் நீலப்பசும்பாசிகளுக்கான தேசிய மையம் 1991-லிருந்து அங்கேதான் இயங்குகிறது. துவாக்குடியில் என்.ஐ.டி. தாயனூர்ப் பக்கம் தேசிய வாழை ஆராய்ச்சி மையம். தஞ்சாவூர் போனால் சாஸ்த்ராவில் நானோ தொழில்நுட்பத்துக்கும் உயிர்ப்பொருட்களுக்கும் தனி மையம், அங்கே மருத்துவ நானோ தொழில்நுட்பத்தில் எம்.டெக். கூட உண்டு. காரைக்குடியில் சிக்ரி. ஸ்ரீரங்கத்தில் இருப்பவர் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஆரம்பித்தால் இதில் பாதியைக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

அந்த ஒன்றாம் நம்பர் பஸ் கடந்து போகிற திருவானைக்காவலில்தான் 1888 நவம்பர் 7 அன்று சி.வி.ராமன் பிறந்தார். இன்றைக்கு எந்த நானோ லேபுக்குப் போனாலும் அவர் பெயரில் ஒரு கருவியைச் சொல்வார்கள்: ராமன் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி. கார்பன் துகளா, கிராஃபீனா, செல்லில் என்ன மாறியது என்று பார்க்க அதுதான் கை. அந்த ராமனுக்கே இந்த நாட்டில் ஆராய்ச்சி வேலை கிடைக்கவில்லை. 1907-ல் எம்.ஏ. முடித்ததும் நிதித் துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் போனார். ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். பத்து வருஷம் இப்படி. 1917-ல்தான் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்கு வந்தார், அதுவும் குறைந்த சம்பளத்துக்கு. 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல்.

உயிர்மருத்துவத்துக்கும் நம்மூரில் ஒரு பெயர் உண்டு. கொலாஜன் புரதத்தின் மூன்று இழை வடிவத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 1954-ல் முன்வைத்த ஜி.என்.ராமச்சந்திரன், பி.எஸ்சி. ஆனர்ஸ் இயற்பியல் படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். புரதத்தைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் உலகம் முழுக்க ‘ராமச்சந்திரன் வரைபடம்’ போடுகிறார்கள்.

இந்தப் பெருமைகளை விழா மேடைகளில் நிறையவே கேட்டிருக்கிறோம். ராமன் கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. ஆபீஸ் வேலை செய்துகொண்டே பத்து வருஷம் தாக்குப்பிடிக்க முடிந்ததால்தான் அந்தக் கதை நமக்குக் கிடைத்தது. அப்படித் தாக்குப்பிடிக்க முடியாமல் போனவர்களின் கதையை யாரும் மேடையில் சொல்வதில்லை.

மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷமா?

இல்லை. பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

திட்டத்தின் மூன்று வருஷம் பணம் வந்த நாளிலிருந்தோ ஆணையில் குறிப்பிட்ட நாளிலிருந்தோ ஓட ஆரம்பிக்கும். நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து அல்ல. ஆணை வந்து, நிறுவனத்தில் கணக்கு திறந்து, அறிவிப்புக்கு அனுமதி வாங்கி, விண்ணப்பம் பார்த்து, நேர்காணல் வைத்து முடிக்கும்போதே பல மாதம் போயிருக்கும். முதல் தடவை யாரும் சேராவிட்டால் மறுபடி அறிவிப்பு. பாதியில் ஒருவர் விட்டுப் போயிருந்தால் மிச்சம் இருக்கிற காலத்துக்குத்தான் நீங்கள். ஆகவே அதே ‘ஜே.ஆர்.எஃப். – ஓர் இடம்’ என்பது 32 மாத வேலையாகவும் இருக்கலாம், 11 மாத வேலையாகவும் இருக்கலாம். சில அறிவிப்புகளில் காலம் போட்டிருக்கும். பலவற்றில் ‘திட்டக் காலம் வரை’ என்பதோடு சரி.

பணம் வருகிற விதமும் நேர்கோடு இல்லை. முதல் தவணை வரும். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிந்ததும் எவ்வளவு செலவானது என்று பயன்பாட்டுச் சான்றிதழும் செலவுக் கணக்கும் போக வேண்டும். அது தணிக்கை ஆகி, டெல்லி போய், பார்த்து முடித்த பிறகுதான் அடுத்த தவணை. அந்த இடைவெளியில் ரசாயனம் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். வாடகையைத் தள்ளிப்போட முடியாது. ஏப்ரலிலிருந்து சம்பளம் வரவில்லை என்று ஆய்வு மாணவர்கள் சொன்னால் அதில் பெரும்பாலும் யாருடைய வில்லத்தனமும் இருக்காது. ஒரு காகிதம் ஏதோ ஒரு மேசையில் இருக்கும்.

என் காலேஜ் சீனியர் அக்கா ஒருவருக்கு இது நடந்தது. ஸ்ரீரங்கத்துக்காரர். உயிர்மருத்துவத்தில் எம்.எஸ்சி., நெட்டும் பாஸ். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சேரும்போது மூன்று வருஷத் திட்டம் என்றார்கள். சேர்ந்து ஏழாவது மாதம்தான் தெரிந்தது, தான் சேரும்போதே திட்டம் ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது என்று. பதினேழாவது மாதம் வேலை முடிந்தது. அதில் கடைசி ஐந்து மாதச் சம்பளம் வேலை முடிந்த பிறகுதான் வந்தது.

“அஞ்சு மாசமும் அப்பாகிட்ட கை நீட்டினேன்டா. மாசம் 37,000 வாங்குற பொண்ணுன்னு அவர் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தார்” என்றார் அக்கா.

“நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமேக்கா, எத்தனை மாசம் பாக்கின்னு?”

“இன்டர்வியூல உட்கார்ந்துட்டு அதைக் கேட்டா, இந்தப் பொண்ணு வேலைக்கு வரல, சம்பளத்துக்கு வருதுன்னு நினைப்பாங்களோன்னு பயம்.”

அந்தப் பயம்தான் இந்த அமைப்பு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

பிஎச்.டி. தானாக வராது

ஜே.ஆர்.எஃப். சேர்ந்தால் பிஎச்.டி.யும் சேர்ந்த மாதிரி என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இரண்டும் தனித்தனி. பிஎச்.டி. பதிவுக்குப் பல்கலைக்கழகத்தின் தேர்வு, நேர்காணல், தேதி எல்லாம் வேறு. 2022-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு பேருக்குத்தான் வழிகாட்டலாம்; இணைப் பேராசிரியர் என்றால் ஆறு, உதவிப் பேராசிரியர் என்றால் நான்கு. ஓய்வு பெற மூன்று வருஷத்துக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. உங்கள் பி.ஐ.-யிடம் இடம் காலி இருக்கிறதா என்பது சம்பளத்தைவிட முக்கியமான கேள்வியாகக்கூட இருக்கலாம்.

அதே விதி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம் என்கிறது. அதிகபட்சம் ஆறு. மேலே சொன்ன 17 மாத வேலையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்க. வேலை முடியும்போது ஆராய்ச்சி பாதிகூட வந்திருக்காது. அடுத்த திட்டத்தில் பி.ஐ. உங்களை எடுத்துக்கொண்டால் உண்டு. அந்தத் திட்டத்துக்கும் புதிதாக அறிவிப்பு, புதிதாக நேர்காணல். இல்லையென்றால் சொந்தக் காசு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் பிஎச்.டி. செய்பவருக்கு மாதம் 8,000 ரூபாயாவது யு.ஜி.சி. தருகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அது இல்லை. தமிழக அரசு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று 120 பேருக்கு மாதம் 25,000 ரூபாய்த் திட்டம் ஒன்றை 2023-ல் கொண்டுவந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை இருக்கிறது. நல்ல திட்டங்கள்தான். ஆனால் மாநிலம் முழுக்க, எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து 120 என்பது எந்த அளவுக்குப் போதும்?

பி.ஐ. பக்கத்து நியாயம்

பேராசிரியர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிடலாமா என்றால் அதுவும் சரியில்லை. திட்டம் எழுதி, அனுமதி வந்து, ஆள் தேடினால் நெட் பாஸ் செய்தவர்கள் பெங்களூர், புனே, ஹைதராபாத் என்று போய்விடுகிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வருபவர்களும் பெரிய இடத்தில் பிஎச்.டி. கிடைத்ததும் ஆறு மாதத்தில் விடைபெறுகிறார்கள். செல் கல்ச்சர், வெஸ்டர்ன் பிளாட் எல்லாம் கற்றுக் கொடுத்த பிறகு ஆள் இல்லை. நல்ல நுண்ணோக்கி இல்லாமல் மாதிரியைப் பொட்டலம் கட்டிச் சென்னைக்கும் கொச்சிக்கும் அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறார்கள். அடுத்த தவணை எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 2020-21 கணக்குப்படி 0.64 சதவீதம். அதில் நம்மூர் லேபுக்கு வந்து சேருவது சொட்டு நீர்ப் பாசனம்தான்.

ஆனால் ஒன்று. அனுமதி ஆணை தேதி அவருக்குத் தெரியும். திட்டம் முடியும் தேதி தெரியும். கையில் எந்தத் தவணை இருக்கிறது, தன்னிடம் பிஎச்.டி. இடம் காலியா என்பதும் தெரியும். இந்த நான்கையும் அறிவிப்பில் அச்சடிக்க ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. டெல்லி அனுமதி தேவையில்லை. திருச்சியில் இருக்கிற பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் நாளைக்கே ஒரு சுற்றறிக்கையில் இதைக் கட்டாயமாக்கலாம். ‘இந்தப் பணியில் எஞ்சியிருக்கும் காலம் 14 மாதம்’ என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டும் வருபவர் தெரிந்தே வருகிறார்.

இரண்டாவது, சம்பள இடைவெளி. ஒவ்வொரு திட்டத்திலும் நிறுவனத்துக்கு என்று மேல்செலவுத் தொகை ஒன்று வருகிறது, மின்சாரத்துக்கும் நிர்வாகத்துக்குமாக. தவணை தாமதமாகும் மாதங்களில் அதிலிருந்து ஆய்வாளர்களுக்கு முன்பணமாகச் சம்பளம் கொடுத்து, பணம் வந்ததும் ஈடுகட்டிக்கொள்ளலாம். சில பேராசிரியர்கள் தங்கள் கையிலிருந்தே கொடுத்து உதவுவதாகக் கேள்விப்படுகிறேன். அது அவர்களின் நல்ல மனசு. நல்ல மனசை நம்பி ஒருவர் வாடகை ஒப்பந்தம் போட முடியாது.

மூன்றாவது திருச்சியில் முடியாது. நெட் தேர்வில் நானோவையும் உயிர்மருத்துவத்தையும் சேர்ப்பதா, அல்லது ‘தொடர்புடைய பாடம்’ எது என்று நாடு முழுமைக்கும் ஒரே பட்டியல் போடுவதா என்பதை டெல்லிதான் சொல்ல வேண்டும். பட்டம் கொடுக்க அனுமதித்தவர்களே அந்தப் பட்டத்துக்கு வழியையும் சொல்லணும், இல்லையா?

அதுவரை விண்ணப்பிப்பவர்களுக்கு. அறிவிப்பில் திட்ட எண் போட்டிருந்தால் இணையத்தில் தேடுங்க, எந்த வருஷம் அனுமதி ஆனது என்று பல சமயம் கிடைத்துவிடும். அந்த லேபில் இப்போது வேலை பார்க்கும் ஒருவரிடம் நேர்காணலுக்கு முன்பே பேசுங்க. கடைசியாகச் சம்பளம் எந்த மாதம் வந்தது என்று மட்டும் கேட்டால் போதும், மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள். நேர்காணல் முடிவில் “ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். அப்போது எஞ்சிய மாதத்தைக் கேட்பது சம்பளப் பேராசை இல்லை. 17 மாதத்தில் முடியக்கூடிய சோதனை எது, முடியாதது எது என்று திட்டமிட அந்த எண் தேவை.

அக்கா இந்த மாதம் இன்னொரு நேர்காணலுக்குப் போய் வந்தார். நடுவில் எட்டு மாதம் மெடிக்கல் கோடிங் வேலை. இந்தத் தடவை கேட்டுவிட்டார்: “அனுமதி ஆணை தேதி என்ன சார்?” பேராசிரியர் கோபப்படவில்லையாம். ஃபைலை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, “இருபத்தி ரெண்டு மாசம் இருக்கும்மா” என்றாராம். பதில் சொல்ல இரண்டு நாள் டைம் கேட்டு வந்திருக்கிறார் அக்கா.